இளையோர் நாவல்: அப்பா சௌகார்பேட்டை, அம்மா வியாசர்பாடி. கைப்பிரதியை எப்படிச் செப்பனிடலாம்?

முதல்கைப்பிரதி:

15 முதல் 18 வயசு வாசகர்களுக்கான நாவல். கைப்பிரதி இப்போது 62,000 சொல் இருக்கு. நாயகிக்கு 16 வயசு, பிளஸ் ஒன். அப்பா மார்வாடி ஜெயின் (ஸ்வேதாம்பரர்). தாத்தா காலத்திலிருந்து கோடௌன் தெருவில் துணி மொத்த வியாபாரம். அம்மா வியாசர்பாடி. அம்மாவைப் பெற்ற ஆயா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். குடும்பம் இருப்பது புரசைவாக்கத்தில் ஒரு ஃபிளாட், கூடவே அப்பாவின் அம்மா. 2023 ஜூனில் தொடங்கி 2024 பொங்கலோடு கதை முடியுது.

கதைச் சுருக்கமும் ஒரு மாதிரி அத்தியாயமும் இணைச்சிருக்கேன். மூன்று விஷயத்தில் ஆலோசனை வேணும். ஒண்ணு, இரண்டு வீட்டுப் பழக்கங்களிலும் எங்கெங்கே தவறு வர வாய்ப்பு. இரண்டாவது, இந்தி, மார்வாடி, பர்மியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எவ்வளவு வைக்கலாம். மூன்றாவது, நீளம். கதையில் மூன்று முக்கியக் காட்சி: 2005-ல் அப்பா அம்மா பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டி, எதிர்ப்புக்குப் பயந்து காத்திருப்பது; தீபாவளி; ஆயா சொல்லும் ரங்கூன் கதை.

---

பிழைதிருத்தி:

முதல்ல வயசுக் கணக்கு. இந்த மாதிரி நாவல்கள்ல அதிகம் இடறுற இடம் அதுதான், ஆனா யாரும் காகிதத்துல போட்டுப் பார்க்கிறதில்லை. பொண்ணு 2007-ல பிறந்தவள். அம்மா 1978 வாக்குல பிறந்திருக்கணும். ஆயா 1964-ல கப்பலேறினப்போ கல்யாணமானவர், இருபது வயசுன்னு வெச்சா 2023-ல எழுபத்தொன்பது, அம்மாவைப் பெத்தது முப்பத்திநாலு வயசுல. கடைசிக் குழந்தைன்னா சரிதான், ஆனா அப்போ அம்மாவுக்கு மூத்தவங்க மூணு நாலு பேர் இருக்கணும், அவங்க கதையில வரணும். ஆயா பன்னிரண்டு வயசுச் சிறுமியா வந்தார்னு மாத்திட்டா எல்லாம் இயல்பா உட்காரும்: 1952 பிறப்பு, இருபத்தாறு வயசுல அம்மா, இப்போ எழுபத்தொண்ணு. ரங்கூனைப் பத்தி அவருக்கு ஞாபகம் இருக்கிறதும் ஒரு சிறுமியோட ஞாபகமாத்தான் இருக்கும். பள்ளிக்கூடம், தெரு, தின்பண்டம், பெரியவங்க குசுகுசுன்னு பேசினது. சொத்து விவரமும் அரசியல் விளக்கமும் அவர் வாயில வரக்கூடாது.

ரெண்டாவது, பர்மாவிலிருந்து தமிழர்கள் வந்த அலைகள் ரெண்டு. அதைக் கலக்கவே கூடாது. 1942-ல ஜப்பான் படை வந்தப்போ காடு மலை தாண்டி நடந்தே வந்தவங்க ஒரு தலைமுறை. 1962-ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சு, 1963, 64-ல கடைகளையும் நிறுவனங்களையும் அரசுடைமையாக்கின பிறகு கப்பல்ல வந்தவங்க அடுத்த தலைமுறை. 1964 மே மாசம் 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. சேமிப்பு மொத்தமும் காகிதமாப் போன குடும்பங்கள் உண்டு. உங்க ஆயா கப்பல்ல வந்தவர்னா, நடைப்பயணம், வழியில சாவு, காட்டுக் காய்ச்சல் எதுவும் அவரோட சொந்த அனுபவமா வரக்கூடாது. அவரோட அம்மா சொல்லக் கேட்டதா வேணா வரலாம்.

---

பிரிவு_ஏழு_அ:

2005 பதிவுத் திருமணக் காட்சியை அப்படியே வைக்க முடியாது. 30 நாள் நோட்டீஸ் என்பது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் நடைமுறை. இருவரில் ஒருவராவது நோட்டீஸுக்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும், 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், பிறகு மூன்று சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஆனால் உங்கள் ஜோடிக்கு அது தேவையே இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி ஜெயினரும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள். அம்மா இந்து என்றால், தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் சேர்ந்த 7-அ பிரிவே போதும். உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. அதன் பிறகு பதிவு. 2005-ல் அவசரமாகத் திருமணம் செய்த ஜோடி இதை விட்டுவிட்டு முப்பது நாள் பெயரையும் முகவரியையும் சுவரில் ஒட்டிவைத்திருக்காது.

30 நாள் பதற்றம் கதைக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் அம்மாவின் குடும்பத்தைக் கிறிஸ்தவக் குடும்பமாக மாற்றுங்கள். வியாசர்பாடிக்கு அதுவும் பொருந்தும். ஆனால் அப்போது நாவலின் மற்ற பாதி மாறும்: ஞாயிற்றுக்கிழமை, பெயர் வைத்தது, கல்லறை, பள்ளி விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டம், எல்லாமே. ஒரே ஒரு காட்சிக்காக அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

---

யானைகவுனி:

நல்ல களம். சௌகார்பேட்டையைத் தமிழ்ல எழுதுறவங்க பெரும்பாலும் அடகுக்கடையோட நின்னுடறாங்க. மொத்தத் துணி வியாபாரம்னு நீங்க எடுத்தது சரி. இப்போ தவறு வரக்கூடிய இடங்கள்.

பேச்சு. மூணு தலைமுறையா கோடௌன் தெருவுல கடை வெச்சிருக்கிற குடும்பம் தமிழைத் தண்ணியாப் பேசும். ஈரோட்டு வியாபாரிகிட்ட, மூட்டை தூக்குறவர்கிட்ட, வரி அலுவலகத்துல, எல்லா இடத்திலயும் தமிழ்தான். சினிமாவுல வர்ற 'நம்பள்கி நிம்பள்கி' பேச்சைத் தாத்தா வாயில வெச்சா, அந்தப் பின்னணியில இருந்து வர்ற வாசகர் அந்தப் பக்கத்தோட புத்தகத்தை மூடிடுவார். குறை இருந்தா நுணுக்கமான இடத்துல இருக்கும்: ழகரம் லகரமாகும், 'வந்தான்', 'வந்தாங்க' மரியாதை எங்கயாவது ஒரு படி ஏறி இறங்கும். வீட்டோட இருந்த பாட்டிக்குத் தமிழ் குறைவா இருக்கலாம், ஆனா காய்கறிக்காரர்கிட்ட பேரம் பேசுற அளவு நல்லாவே இருக்கும். வீட்டுக்குள்ள பேசுறது இந்தியும் இல்லை, மார்வாடி. 'இல்லை'ங்கிறதுக்குப் பாட்டி 'கோனி'ம்பார், பேத்தி 'நஹீ'ம்பாள். இந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டினாலே தலைமுறை இடைவெளி தெரிஞ்சிடும்.

சமையல். வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், முள்ளங்கி, சேனை எதுவும் கிடையாது. மண்ணுக்கடியில விளையுறதைப் பிடுங்கினா நிறைய உயிர் போகும்னு காரணம். உருளைக்குப் பதிலா வாழைக்காய், வெங்காய வாசனைக்குப் பதிலா பெருங்காயம். ஜெயின் வீட்டுக் காட்சியில பாட்டி உருளைக்கிழங்கு சமோசா பொரிக்கக்கூடாது. அதேசமயம் வீட்டுல எல்லாரும் ஒரே அளவு கடைப்பிடிப்பாங்கன்னும் எழுதாதீங்க. பாட்டி முழுசா, அப்பா வீட்டுக்குள்ள மட்டும், பொண்ணு ஜெயின் நோன்புக் காலமான பர்யூஷண் எட்டு நாள் மட்டும். அந்தப் படிக்கட்டுலதான் கதை இருக்கு.

இதைவிட முக்கியம் பொழுது. சூரியன் மறைஞ்ச பிறகு சாப்பாடு கிடையாது. சௌவிஹார்னா தண்ணிகூடக் கிடையாது, திவிஹார்னா காய்ச்சின தண்ணி மட்டும் உண்டு. சென்னையில ஜூலையில சூரியன் மறையுறது சுமார் 6.40, நவம்பர் கடைசியில 5.40. ஒரு மணி நேர வித்தியாசம். பிளஸ் ஒன் பொண்ணுக்குப் பள்ளி விட்டு டியூஷன் 5.30-லிருந்து 7.30 வரை, நடுவுல ஆறு மணிக்கு இடைவேளைன்னா, ஜூலையில அப்போ சாப்பிட்டுச் சமாளிச்சதை நவம்பர்ல சமாளிக்க முடியாது. பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை வர்ற மாசம் தானா அமைஞ்சிடும், நீங்க வலிஞ்சு உண்டாக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணு. அப்பாவைப் பெத்த பாட்டியைத் தாதி, தாதின்னு எழுதியிருந்தா தமிழ் வாசகர் ஆஸ்பத்திரியை நினைப்பார். 'தாதிமா'ன்னு போடுங்க. பருப்போட உருண்டை ரொட்டி சாப்பிடுற ராஜஸ்தான் சாப்பாடு 'தால் பாட்டி'யும் அதே கதைதான், 'பாட்டீ'ன்னு நீட்டணும்.

---

வடகடற்கரை:

ஆயா பக்கத்துக்கு வர்றேன். அத்தோவை வெறும் 'பர்மா நூடுல்ஸ்'னு எழுதிட்டுப் போகாதீங்க. செய்யுற முறையிலதான் அதோட உயிர் இருக்கு. வேகவெச்சு ஆறின மஞ்சள் நூடுல்ஸ், பொடியா சீவின முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரிச்ச வெங்காயம், பொரிச்ச பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள், உப்பு, வெங்காயம் பொரிச்ச எண்ணெய் ஒரு கரண்டி, மேல பேஜோங்கிற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டு, எல்லாத்தையும் கையாலயே பிசைவாங்க. கரண்டியால கிளறினா நூடுல்ஸ் உடையும், புளி பிடிக்காது. பக்கத்துல சூடா வாழைத்தண்டு சூப். முட்டையை அவிச்சுக் கீறி, உள்ளே பொரிச்ச வெங்காயம் பூண்டு அடைச்சுத் தருவாங்க. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் 1969-ல வந்தது. அதுக்குப் பின்னாடி இரண்டாவது கடற்கரைச் சாலையில அத்தோ வண்டிகள் சாயங்காலம்தான் சூடுபிடிக்கும்.

யானைகவுனி சொன்னதோட இதைச் சேர்த்துப் பாருங்க. அந்தத் தட்டுல ஜெயின் பொண்ணு தொடக்கூடிய பொருள் எத்தனை? வெங்காயம் மூணு வடிவத்துல இருக்கு, பூண்டு இருக்கு, நேரமும் பொழுது சாய்ஞ்ச நேரம். கோடௌன் தெருவுலிருந்து அந்த வண்டிக்கு நடந்து போற தூரம்தான். அப்பா கடையில உட்கார்ந்திருக்கும்போது பொண்ணு அங்க நின்னு சாப்பிடுறாள்னா அது சாதாரணமா பசிக்குச் சாப்பிடுறது இல்லை, ஒரு முடிவு. கடைசி மூணுல ஒரு பங்குல வர வேண்டிய காட்சி இது. உங்க சுருக்கத்தைப் பார்த்தா முதல் அத்தியாயத்திலயே வர்ற மாதிரி தெரியுது. அங்க வெச்சா வீணாப்போகும்.

மொய்ங்காவை இதோட குழப்பிக்காதீங்க. அது மீன் குழம்புல நூடுல்ஸ், காலைச் சாப்பாடு. ஆயா வீட்டுல ஞாயித்துக்கிழமை காலையில அது கொதிக்கலாம். முகத்துல தனக்கா மரப்பட்டை அரைச்சுப் பூசுறது, லுங்கி கட்டுற விதம் எல்லாம் ஒரு வரியில வந்து போனா போதும்.

இடம் பத்தியும் ஒண்ணு. வியாசர்பாடியிலிருந்து புரசைக்கு வர மழை நாள்ல கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணியில நிக்கும். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல ரயில் பிடிச்சா பேசின் பிரிட்ஜ் தாண்டித்தான் வரணும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழை. வடசென்னை நாள் கணக்கா மூழ்கிச்சு, பள்ளிகளுக்கு லீவு. ஆயா அந்த வாரம் புரசை ஃபிளாட்ல வந்து தங்கியே ஆகணும். ஒரே சமையலறை, ரெண்டு பாட்டி, கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ்ல கருவாடு வைக்க வழியில்லை. உங்க கதை காலத்துலயே நடந்த விஷயம், சுருக்கத்துல காணோமே?

---

முதல்கைப்பிரதி:

புயல் வாரத்தைச் சேர்க்கிறேன். பதிவாளர் காட்சிக்குப் பதிலா 7-அ பிரிவுப்படி ஒரு நண்பரின் வீட்டு மாடியில் மாலை மாற்றுவது. இரண்டு வீட்டிலிருந்தும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதில் காட்சி நிற்கும். ஆயா வயசு பன்னிரண்டு.

தீபாவளி பற்றிக் கேட்கணும். இரண்டு வீட்டுக்கும் இரண்டு வெவ்வேறு நாள் என்று வைத்து, பெண் இரண்டு நாளும் அலைவதாக எழுதியிருக்கேன். சரியா?

---

யானைகவுனி:

2023-க்கு அது சரிவராது. அந்த வருஷம் ரெண்டுமே நவம்பர் 12, ஞாயிறு. தமிழ் வீட்டுக்கு விடியக்காலைச் சதுர்த்தசியில எண்ணெய்க் குளியல், வடக்கு வீட்டுக்குச் சாயங்கால அமாவாசையில லட்சுமி பூஜை. பெரும்பாலான வருஷம் ஒரே தேதியிலேயே காலையும் மாலையுமா வரும், சில வருஷம் தள்ளும். வருஷத்தைக் குறிப்பிட்டு எழுதினா பஞ்சாங்கம் பார்க்காம ஒரு வரி எழுதக்கூடாது.

ஒரே நாள்ங்கிறது கதைக்கு இன்னும் நல்லது. காலையில வியாசர்பாடி, சாயங்காலம் புரசை. ஜெயினர்களுக்கு அது மகாவீரர் நிர்வாணம் அடைஞ்ச நாளும்கூட. வியாபாரக் குடும்பம்னா புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை. பட்டாசு கொளுத்தினா பூச்சி புழு சாகும்னு பல ஜெயின் பிள்ளைங்க கொளுத்தறதில்லைன்னு சபதமே எடுப்பாங்க. தமிழ்நாட்டுல பட்டாசுக்கு அனுமதி நேரம் காலை 6-லிருந்து 7, இரவு 7-லிருந்து 8. காலை ஆறு மணிக்கு மாமா பையன் சரவெடியை நீட்டுறான், அதை அவள் வாங்குறாளா இல்லையா? இந்த ஒரு இடத்தை ரெண்டு பக்கம் எழுதுங்க, அலைச்சலை ஒரு வரியில முடிங்க.

மாமா பையன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். இந்த மாதிரி குடும்பத்துல அடி ஆழத்துல கிடக்கிற முரண் உறவுமுறையிலதான். அப்பா வீட்டு வழக்கப்படி மாமா பையன் அண்ணன், ஆகஸ்ட் கடைசியில ரக்ஷா பந்தனுக்கு அவனுக்கு ராக்கி கட்டணும். அம்மா வீட்டு வழக்கப்படி அவன் முறைப்பையன். இன்னைக்குப் பிள்ளைங்க யாரும் மாமா பையனைக் கட்டிக்கிறதா நினைக்கிறதில்லை, ஆனா ஆயா விளையாட்டாவாவது சொல்வார், அத்தைகள் சிரிப்பாங்க. தாதிமா ராக்கியை வாங்கிக் கையில குடுத்து 'போய்க் கட்டு'ன்னு அனுப்பறார். அந்தப் பொண்ணு வியாசர்பாடி வீட்டு வாசல்ல நிக்கிறாள். ரெண்டு வீட்டுக்கும் இதுல பகை கிடையாது, ரெண்டு பேருமே பாசமாத்தான் இருக்காங்க, ஆனா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல திருப்திப்படுத்த வழியில்லை. ரொம்பப் பேர் சமையலறையிலயும் பண்டிகையிலயும் கலாசாரத்தைத் தேடுறாங்க. யாரை என்ன உறவுன்னு நடத்தணும், எத்தனை மணிக்குள்ள என்ன செய்யணும், யார் முடிவு எடுக்கணும், இந்த விதிகள்ல தேடினா கிடைக்கும்.

---

வகுப்பாசிரியை:

யானைகவுனி சொன்ன கடைசி வரிக்கு முழு ஆதரவு. சாப்பாட்டு வர்ணனை மட்டும் குவிந்தால் பதினாறு வயசு வாசகர்கள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

பள்ளி விஷயத்தில் ஒன்று. நீங்கள் அனுப்பிய மாதிரி அத்தியாயத்தில் பெண் மெட்ரிக் பள்ளியில் படித்தும் தமிழ் எழுதத் தெரியாமல் இந்தியை மொழிப்பாடமாக எடுத்ததாக வருகிறது. 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை பகுதி 1 தமிழ் கட்டாயமானது. இவள் 2013 வாக்கில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவள், எனவே பத்து வருஷம் தமிழ் படித்திருப்பாள். மொழிச் சிறுபான்மைப் பள்ளி என்றால் தேர்வில் விலக்கு கேட்டு நீதிமன்றம் போன வழக்குகள் உண்டு, ஆனால் உங்கள் பெண்ணின் அம்மா தமிழ். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும் என்றே வைத்துவிட்டு, பிளஸ் ஒன்னில் அவள் எந்த மொழிப்பாடம் எடுக்கிறாள் என்பதை வீட்டில் ஒரு விவாதமாக்கலாம். மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் சென்னையில் ஏராளம். இரண்டு பாட்டிகளும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கக்கூடிய ஒரே விஷயம் அதுவாக இருக்கலாம்!

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதே மாதம் பர்யூஷணும் விநாயகர் சதுர்த்தியும் ஒட்டியே வந்தன. உபவாசம் இருந்துகொண்டு கணக்குத் தேர்வு எழுதலாமா என்பதும் பிள்ளைகளுக்கு நிஜமான கேள்வி. பர்யூஷணின் கடைசி நாளில் ஒருவருக்கொருவர் 'மிச்சாமி துக்கடம்' சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். மருமகளை ஏற்க வருடக்கணக்கில் மறுத்த பாட்டி ஆண்டுதோறும் அவளிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். சடங்காகச் சொல்கிறாரா, மனசிலிருந்து சொல்கிறாரா? பெண் அதைப் பக்கத்திலிருந்து கவனிக்கட்டும், விளக்க வேண்டாம்.

இப்போது குரல். உங்கள் தொடக்கம் இப்படி இருக்கிறது:

"எங்கள் வீடு ஒரு குட்டி இந்தியா. ஒரு பக்கம் ராஜஸ்தானின் மணம், மறு பக்கம் பர்மாவின் மணம். இரண்டு உலகங்களுக்கு நடுவே நான் நின்றேன்."

இது முப்பது வயசுக்காரர் மேடையில் பேசுவது. பதினாறு வயசுக்குத் தன் வீடு வீடுதான், குட்டி இந்தியா என்று தோன்றாது. அதே செய்தியை இப்படி வைக்கலாம்:

"டியூஷன் முடிய ஏழரை ஆகும். தாதிமா அஞ்சரைக்கே என் தட்டை மூடி வெச்சிருப்பாங்க. பொழுது சாஞ்சிட்டா அது எனக்கில்லை, மறுநாள் வாசலுக்கு வர்ற மாட்டுக்கு. தாதிமா படுத்தப்புறம் அம்மா லைட்டைப் போடாம, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சு அந்த வெளிச்சத்துல தயிர்சாதம் பிசைவாங்க. காலையில தாதிமா நான் சாப்பிட்டேனான்னு கேக்கவே மாட்டாங்க. கேட்டா நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

விதி என்ன, யார் அதை மீறுகிறார்கள், யார் கண்டும் காணாமல் இருக்கிறார்கள், மூன்றும் வந்துவிட்டன. 'கலாசாரம்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கைப்பிரதியில் 'உலகம்', 'அடையாளம்', 'வேர்கள்', 'பாலம்' என்ற சொற்களைத் தேடி, வந்த இடத்திலெல்லாம் அந்தப் பத்தியை மறுபடி எழுதுங்கள்.

நடை பற்றி: உரையாடலில் பேச்சுத் தமிழ், கதை சொல்வதில் எளிய எழுத்துத் தமிழ் என்று ஒரு வழி. முழுக்கப் பேச்சு நடையில் சொல்வது இன்னொரு வழி. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடியுங்கள். பாதியில் மாறினால் வாசகர்கள் வேறு ஆள் பேசுவதாக நினைப்பார்கள். வியாசர்பாடிப் பையன்களுக்கு 'இன்னா நைனா' என்று பழைய சினிமாப் பேச்சைப் போடாதீர்கள், இன்றைய பிள்ளைகள் பேச்சு வேறு.

---

வடகடற்கரை:

சாப்பாட்டை ஒரேயடியா ஒதுக்கணும்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன், டீச்சர். நீங்க எழுதிக் காட்டின பத்தியே தயிர்சாதத்துலதானே நிக்குது? ஆயாவுக்கு பர்மாவோட மிச்சம் இருக்கிற தொடர்பு கைப்பக்குவம் மட்டும்தான். மொழி பாதி மறந்துபோச்சு, போட்டோ இல்லை, போய்ப் பார்க்கவும் முடியாது. அவருக்குச் சமையல் வர்ணனை அலங்காரம் இல்லை, ஆவணம். தாதிமா விஷயம் வேற, அவருக்கு ராஜஸ்தான்ல ஊர் இருக்கு, சொந்தம் இருக்கு, வருஷா வருஷம் போய் வரலாம். ரெண்டு பாட்டிக்கும் இருக்கிற இந்த வித்தியாசம் கதைக்கு முக்கியம்.

---

வகுப்பாசிரியை:

அந்த வித்தியாசத்தை ஏற்கிறேன். அப்படியானால் ஆயா சமைக்கும் காட்சி ஒன்றே ஒன்று, நிதானமாக, அளவோடும் செய்முறையோடும். பேத்தி கேட்டுக் கேட்டு நோட்டில் எழுத முயற்சி செய்யட்டும், ஆயா 'ஒரு கை', 'கொஞ்சம்' என்று மட்டும் சொல்லட்டும். மற்ற இடங்களில் சாப்பாடு பெயரளவில் வந்தால் போதும்.

---

கருஞ்சட்டை_வாசகன்:

இவ்வளவு பேசியாச்சு, ஒண்ணு மட்டும் யாரும் தொடலை. 2005-ல அப்பா வீட்டார் ஏன் எதிர்த்தாங்க? மொழியா, மதமா, அசைவமா, வியாசர்பாடிங்கிற முகவரியா, சாதியா? சுருக்கத்துல 'கலாசார வேறுபாடு'ன்னு ஒரு சொல்லுல முடிச்சிருக்கீங்க. தமிழ்ல இந்த வகைக் கதைகள் நழுவுற இடமே அதுதான். ராஜஸ்தான், பர்மான்னு தூரத்து வித்தியாசங்களைப் பளிச்சுன்னு காட்டிட்டு, பக்கத்துல இருக்கிற சாதியை வாசல்லயே நிறுத்திடுவாங்க. அம்மா குடும்பம் என்ன சாதின்னு எழுத்தாளருக்காவது தெரிஞ்சிருக்கணும். பக்கத்துல அந்தப் பெயரை எழுதணும்னு இல்லை. தாதிமா தனக்குன்னு தனி டம்ளர் வெச்சிருக்கிறது காய்ச்சின தண்ணிக்காகவா, இல்ல வேற காரணத்துக்காகவான்னு பொண்ணுக்கு ஒருநாள் சந்தேகம் வரட்டும். ஆயா புயல் வாரத்துல வந்து தங்குறப்போ அந்தச் சந்தேகத்துக்குப் பதில் கிடைக்கட்டும். அதே கேள்வியைத் திருப்பியும் கேளுங்க: வியாசர்பாடியில 'சேட்டு வீட்டுப் பொண்ணு'ன்னு அவளை எப்படி நடத்துறாங்க? அங்கயும் பணம், நிறம் பத்தின பேச்சு இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் குற்றவாளியாக்கினா பிள்ளைங்க நம்ப மாட்டாங்க.

---

பெரம்பூர்_காலனி:

தோழி பாத்திரம் ஆங்கிலோ இந்தியப் பெண் என்று பார்த்தேன். அம்மா ஆங்கிலோ இந்தியர், அப்பா தமிழர் என்றால் அவளைச் சட்டப்படி 'ஆங்கிலோ இந்தியர்' என்று எழுத முடியாது. அரசியலமைப்பின் 366(2) பிரிவு தந்தைவழியில் ஐரோப்பிய வம்சம் இருப்பதைத்தான் கேட்கிறது. வீட்டில் பேச்சு, கிறிஸ்துமஸுக்கு குல்குல் என்ற பலகாரம், ஞாயிறு மதியம் மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும், பெப்பர் வாட்டரும் எல்லாம் இருந்தும் சான்றிதழ் கிடையாது. நாயகிக்கும் அவளுக்கும் பேசிக்கொள்ள இது ஒரு நல்ல விஷயம், ஏனென்றால் நாயகியை ஜெயின் என்பதா தமிழ் என்பதா என்று பள்ளி விண்ணப்பம் அவளையும் கேட்கும். தோழிக்கு ஒரு அத்தியாயம் போதும்.

---

டெமி_சைஸ்:

நீளத்துக்கு வருவோம். இளையோர் நாவல் தமிழில் 35,000-லிருந்து 42,000 சொல் வரை இருந்தால் நல்லது. ஆங்கிலத்தில் இவ்வகை நாவலுக்குச் சொல்லும் எண்ணிக்கையை இங்கே எடுத்துக்கொள்ளக்கூடாது. தமிழில் விகுதியும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டுவதால் ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் வருவது இங்கே ஒரே சொல்லாகும். டெமி அளவில், கண்ணை உறுத்தாத எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 220 சொல் பிடிக்கும். உங்கள் 62,000 சொல்லுக்கு 282 பக்கம், முன்பக்கங்கள் சேர்த்து 288, அதாவது 16 பக்க ஃபாரம் 18. நாற்பதாயிரமாகக் குறைத்தால் 182 பக்கம், முன்பக்கங்களோடு 192, பன்னிரண்டு ஃபாரம். காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பிள்ளைகள் தங்கள் கைக்காசில் வாங்கும் விலைக்கு வரும்.

22,000 சொல்லை எங்கே வெட்டுவது? இங்கே வந்த ஆலோசனைகளே வழி சொல்கின்றன. பதிவாளர் அலுவலகம் போகிறது, தீபாவளியின் இரண்டாவது நாள் போகிறது, ரங்கூன் அரசியல் விளக்கம் போகிறது. மீதிக்கு, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். இந்த வகைக் கதையில் கடைசிப் பத்தி பெரும்பாலும் பெண் என்ன கற்றுக்கொண்டாள் என்ற விளக்கமாகவே இருக்கும், எடுத்தால் ஒன்றும் குறையாது. அத்தியாயம் 2,000 சொல், மொத்தம் இருபது அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்கி ஐந்தாவது, பர்யூஷண் ஏழு எட்டு, தீபாவளி பன்னிரண்டு, புயல் பதினாலிலிருந்து பதினாறு, அத்தோ வண்டி அதற்குப் பிறகு.

பின்னால் சொல் அகராதி போடாதீர்கள். அடிக்குறிப்பும் வேண்டாம். பிறமொழிச் சொல் முதல் தடவை வரும்போது அதைச் சுற்றி நடக்கும் செயலிலேயே பொருள் தெரியவேண்டும். ஒரு பக்கத்தில் புதுச் சொல் இரண்டுக்கு மேல் வேண்டாம். சாய்வெழுத்தும் தேவையில்லை. அவள் வீட்டில் தினம் புழங்கும் சொல்லைச் சாய்த்துப் போட்டால் அது அவளுக்கே அந்நியமாகத் தெரியும். இந்திச் சொற்களுக்கு ஜ, ஷ, ஸ, ஹ போதும். க, ச, ட, த, ப-வின் வெவ்வேறு ஒலிகளைக் காட்ட மேலே எண் போடும் பழைய முறையைக் கதையில் பயன்படுத்தாதீர்கள்.

விருது பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் இருக்கிறது, 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்களுக்கான நூல்களுக்கு. உங்கள் நூல் 15 முதல் 18 என்பதால் விளிம்பில் நிற்கிறது. அதற்காக வயதைக் குறைக்கவோ காட்சியை மழுப்பவோ வேண்டாம்.

---

முதல்கைப்பிரதி:

எல்லாருக்கும் நன்றி. திருத்திய அமைப்பு இதுதான்: டெமி_சைஸ் சொன்ன வரிசை, முழுக்கப் பேச்சு நடை, வகுப்பாசிரியை காட்டிய பத்தியின் முறையில் முதல் அத்தியாயம், தனி டம்ளர் மூன்றாவது அத்தியாயத்தில் ஒருமுறையும் பதினைந்தாவதில் மறுபடியும். அடுத்த கைப்பிரதியை யாரிடம் வாசிக்கக் கொடுப்பது?

---

பிழைதிருத்தி:

குறைஞ்சது நாலு பேர். ஸ்வேதாம்பர ஜெயின் வீட்டுல சமையலறையைக் கையில வெச்சிருக்கிற ஒரு அம்மா. 1964-க்குப் பிறகு வந்த குடும்பத்துல ஒருத்தர், எழுபது வயசைத் தாண்டினவரா இருந்தா இன்னும் நல்லது. உங்க கதைக்குச் சம்பந்தமே இல்லாத ரெண்டு பிளஸ் ஒன் பிள்ளைங்க. முதல் ரெண்டு பேருக்கு முழு நாவல் வேண்டாம், அவங்க வீட்டைத் தொடுற அத்தியாயங்களை மட்டும் குடுங்க. 'பிடிச்சிருக்கா'ன்னு கேட்காதீங்க, மரியாதைக்கு நல்லாயிருக்குன்னு சொல்லிடுவாங்க. 'எங்க வீட்டுல இப்படி நடக்காது'ன்னு தோணின வரியில எல்லாம் பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க. எழுத்து வாசிக்கச் சிரமப்படுற பெரியவர்னா நீங்களே படிச்சுக் காட்டணும். பிள்ளைங்களுக்கு முழுசையும் குடுத்து, எந்தப் பக்கத்துல கீழே வெச்சாங்கன்னு மட்டும் குறிக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே பத்துப் பக்கத்துக்குள்ள நிறுத்தியிருந்தா அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதணும். டிசம்பர்ல அரையாண்டுத் தேர்வு வந்துடும், அதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க.